மேற்சட்டை

ஒரு சொல்லைச் சரியாக மொழிபெயர்த்தவர், அதனால் விளைந்த கேட்டுக்குப் பொறுப்பாவாரா? பத்து வயதில் என்னிடம் வந்துசேர்ந்த கேள்வி இது. இன்னும் ஒழுங்கான விடை கிடைக்கவில்லை.

அம்மாவின் தம்பி, என் மாமா, வன்னியிலிருந்து வந்து, பிரெஞ்சுத் தலைநகரின் லா ஷப்பலில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். விமானம் பறக்கத் தொடங்கிய காலத்து எந்திரங்களைக் கண்காட்சிக்காக மீண்டும் இயக்கும் சிறு பட்டறையொன்று புறநகரான லா கூர்னெவ்வில் இருந்தது. அங்கே அவருக்கு வேலை. எந்திரத்தின் இரும்பு உருளைகள் அளவுக்கு மீறிச் சூடேறாமலிருக்க, ஒவ்வொன்றையும் சுற்றி மெல்லிய செப்புத் தகட்டில் ஓர் உறை வேண்டும். இரண்டுக்கும் இடையே தண்ணீர் ஓடும். பழைய வரைபடம் எதுவும் எஞ்சவில்லை. எங்கள் சாப்பாட்டு மேசையில் கடதாசியை வெட்டியும் மடித்தும் ஒட்டியும் அந்த உறையை மாமாவே வடிவமைத்தார். சோதனை சரிவந்தால் நிரந்தர வேலைக்கான கடிதத்தில் கையெழுத்திடுவதாக முதலாளி சொல்லியிருந்தார். மாமாவின் விசா அந்தக் கடிதத்தை நம்பியிருந்தது.

சோதனைக்கு முதல்நாள் மாலை முதலாளி தொலைபேசியில் அழைத்தார். மாமாவுக்குப் பிரெஞ்சு போதாது, எடுத்தது நான். ஷெமீஸ் மிகவும் இறுக்கம், காலையில் அதற்குக் கொஞ்சம் தளர்வு கொடுக்கச் சொல், இல்லாவிட்டால் பிளந்துவிடும் என்றார். எங்கள் வீட்டில் எவரும் பிரெஞ்சு கலக்காமல் ஒரு வசனம் பேசியதில்லை. நானோ சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் கலப்பில்லாத தமிழுக்குப் பரிசு வாங்கியவள். ஷெமீஸ் என்றால் நான் அறிந்தது உடுக்கும் சட்டைதான்.

"மாமா, உங்கடை மேற்சட்டை இறுக்கமாம். நாளைக்குத் தளர்வா வேணுமாம். பிளந்துபோமாம்."

'உங்கடை' என்பது நானாகச் சேர்த்தது.

மாமா வயிற்றைத் தடவினார். "என்ரை வண்டி அவரின்ரை கண்ணிலையும் குத்துது போலை."

"மூண்டு கோப்பை சோறு திண்டால் பின்னை என்ன? அத்தான்ரை சேட்டைப் போட்டுக்கொண்டு போடா" என்றார் அம்மா.

மறுநாள் புதன், பள்ளி இல்லை. அப்பாவின் தொளதொளத்த சேட்டில் மாமாவும், மொழிபெயர்க்க நானும் போனோம். சோதனை நேரத்துக்குத்தான் முதலாளி வந்தார். "சொன்னாயா?" என்று என்னிடம் கேட்டார். சொன்னேன் என்றேன்.

உருளையைச் சூடேற்றச் சுடரை மூட்டினார்கள். சற்று நேரத்தில் செப்பு டிக், டிக் என்றது. ஒலி விரைந்தது. முதலாளி, "ஷெமீஸ்! ஷெமீஸ்!" என்று கத்தினார். நான் மாமாவின் சேட்டைப் பார்த்தேன். மாமா உருளையைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. பட்டறையில் ஷெமீஸ் என்றால் அந்தச் செப்பு உறை. சொல்லை அப்படியே கொடுத்திருந்தால், இரும்பு சூட்டில் நீளும்போது உறையும் விரிந்துகொடுக்க மாமா அதில் ஒரு மடிப்பு வைத்திருப்பார்.

ஒட்டு பிளந்தது. மாமா என்னைத் தன் பின்னால் இழுத்தார். கொதிநீர் அவருடைய கையில் விழுந்தது.

நேற்றே எச்சரித்தேனே, ஏன் செய்யவில்லை என்று கேட்கச் சொன்னார் முதலாளி. கேட்டேன், இம்முறை ஷெமீஸ் என்றே. மாமா என்னையே பார்த்தார். ஈரச் சேட்டைத் தோலிலிருந்து பிரித்துக்கொண்டு சொன்னார்:

"மறந்துபோனன் எண்டு சொல்லு, பிள்ளை."

சொன்னேன். அதையும் சரியாகவே மொழிபெயர்த்தேன். எனக்குத் திட்டு விழவில்லை என்ற நிம்மதியோடு ரயிலில் திரும்பினேன். எச்சரிக்கையை மறக்கிற தொழிலாளிக்கு எவரும் கையெழுத்திடமாட்டார்கள் என்பது அன்று எனக்குத் தெரியாது.

அடுத்த வாரம் மாமா உணவகமொன்றில் பாத்திரம் கழுவச் சேர்ந்தார். விசா கிடைக்க மேலும் நான்கு ஆண்டுகள் சென்றன. நான் ஷெமீஸை ஷெமீஸ் என்றே சொல்கிறேன்.