ஸ்டெல்லா அத்தை முதலில் கையைத் தூக்கினார்

செய்தி வந்தபோது நான் தூக்குச்சட்டியோடு மாவு வாங்க நின்றுகொண்டிருந்தேன். கோச்சடையில் எங்கள் தெருவில் காலையில் முதலில் கேட்கும் சத்தம் ஸ்டெல்லா அத்தை வீட்டுக் கிரைண்டர்தான். அன்று அது கேட்கவில்லை. எனக்கு முன்னால் நின்றவர்கள் கரண்ட் இல்லை போலிருக்கிறது என்று பேசிக்கொண்டார்கள். ஆனால் பக்கத்து வீட்டு ஜன்னலில் ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. அப்போது திருநகரில் இருக்கும் அவருடைய மகன் பைக்கில் வந்து இறங்கினார். "நெஞ்சு வலிக்குதுன்னு ராத்திரி போன் பண்ணுச்சு. வந்து கூட்டிட்டுப் போனேன். விடியுறதுக்குள்ள அம்மா போயிருச்சு" என்றார். யாரும் வீட்டுக்குத் திரும்பிப் போகவில்லை. காலிப் பாத்திரங்களைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றோம்.

முப்பதாம் நாள் ஜெபத்தில் அத்தையைத் தெரிந்தவர்கள் பேசலாம் என்று அவருடைய மகன் சொல்லியிருக்கிறார். நானும் பேசட்டுமா என்று அம்மாவிடம் கேட்டேன். "பேசு. நல்ல மனுஷி, எல்லாருக்கும் உதவுவாங்கன்னு சொல்லு. கடன் கிடன்னு வாயத் தொறந்த, பாத்துக்க. தெருவே சிரிக்கும்" என்றார்.

அதனால்தான் எல்லாரும் தூங்கிய பிறகு இதை எழுதுகிறேன். அம்மா புரண்டு படுத்தால்கூட எனக்குக் கை நின்றுவிடுகிறது. முதலில் அம்மா சொன்னபடிதான் எழுதிப் பார்த்தேன். நல்ல மனுஷி என்பதற்கு மேல் ஒரு வரி வரவில்லை. அத்தை வெறும் நல்ல மனுஷியும் இல்லை, உங்களுக்கே தெரியும். மாவில் தண்ணீர் அதிகம் என்று யாராவது சொன்னால் பாத்திரத்தை வெடுக்கென்று பிடுங்கி, ஊற்றியதைத் திரும்பக் கொட்டிக்கொண்டு, "உங்க வீட்டுல நீயே ஆட்டிக்க" என்று அனுப்பிவிடுவார். மறுநாள் அதே ஆளுக்கு ஒரு கரண்டி கூடுதலாக ஊற்றுவார். மன்னிப்பு மட்டும் கேட்க மாட்டார்.

கடனை விட்டுவிட்டு அவரைப் பற்றி எழுத என்னால் முடியாது.

எங்கள் தெருப் பெண்கள் சேர்ந்து ஒரு பைனான்ஸ் கம்பெனியில் குழுக் கடன் வாங்கியிருந்தார்கள். அத்தைதான் தலைவி. வாரா வாரம் தவணை. ஒருவர் கட்டவில்லை என்றால் மற்றவர்கள் பொறுப்பு. அதனால் ஒரு வழக்கம் இருந்தது. கட்டாதவர் வீட்டு வாசலில் குழுவில் உள்ள எல்லாரும் போய் உட்கார வேண்டும். பணம் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது. கம்பெனி ஆள் சத்தம்கூடப் போட வேண்டியதில்லை. தினமும் சிரித்துப் பேசிய பக்கத்து வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தாலே போதும்.

அப்பா லோடு வேன் ஓட்டுகிறார். வேன் இடிபட்டபோது ரிப்பேருக்காக அம்மா முதல் கடனை வாங்கினார். அந்தத் தவணையைக் கட்ட வேறொரு குழுவில் சேர்ந்தார். நடுவில், கூட வேலை பார்த்த ஒரு தோழிக்குத் தன் பெயரில் கடன் எடுத்துக் கொடுத்தார். எங்கள் தெருவில் அது பெரிய விஷயம் இல்லை. சர்க்கரை தீர்ந்துபோனால் ஒரு டம்ளர் கொடுப்பதுபோலத்தான் பெயரையும் கொடுப்பார்கள். "மாசம் பொறந்தா நான் கட்டிர்றேன்க்கா" என்று சொன்ன அந்தத் தோழி திருப்பூருக்குப் போனார். பிறகு போனை எடுக்கவில்லை. அப்பாவுக்கு முதல் கடன் மட்டும்தான் தெரியும்.

அப்போது நான் பத்தாம் வகுப்பு. வசூலுக்கு ஆள் வந்தால் அம்மா அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய்விடுவார். "அம்மா இல்லை" என்று வாசலில் சொல்வது என் வேலை. பள்ளிக்கூடத்துக்கு வெளியே ஏதாவது பைக் வந்து நின்றால்கூட வசூல்காரரோ என்று எட்டிப் பார்ப்பேன். பரீட்சை முடிந்ததும் ஜவுளிக்கடை வேலைக்குப் போகிறாயா என்று அம்மா ஒருநாள் கேட்டார். என் முகத்தைப் பார்க்காமல், வெங்காயத்தைப் பார்த்துக்கொண்டு கேட்டார். அதற்குமேல் நானும் எதுவும் கேட்கவில்லை. அவர் சரியாகச் சாப்பிடுவதில்லை, யாரோடும் பேசுவதில்லை. பள்ளிக்கூடம் விட்டு வரும்போது அம்மா வீட்டில் இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டே வருவேன். ஏன் அப்படி வேண்டினேன் என்று விளக்கமாக எழுத இப்போதும் எனக்குத் தைரியம் இல்லை.

ஒருநாள் வசூல்காரரை அனுப்பிவிட்டுத் திரும்பியபோது எதிர்வீட்டிலிருந்து அத்தை கையைக் காட்டிக் கூப்பிட்டார்.

"ஏத்தா, உங்கம்மா உள்ளதான இருக்கா?"

இல்லை என்று தலையை ஆட்டினேன்.

"பொய் சொல்லத் தெரியல உனக்கு. அம்மா இல்லேங்கிறப்ப அடுப்படியப் பாக்குற. அந்தாளு கண்ணாடி போட்டிருக்கான், கண்ணு தெரியாமலா இருக்கான்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் சமாதானம் எதுவும் சொல்லவில்லை. மாவுக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு, "காசுதான் இல்ல. ஆளு இருக்கால்ல? இருக்கிற ஆள இல்லேன்னு சொல்லாதத்தா. கேக்கவே நல்லா இல்ல" என்றார்.

அடுத்த தவணை நாளில் குழுப் பெண்கள் எங்கள் வீட்டு வாசலுக்கு வந்துவிட்டார்கள். செருப்புச் சத்தத்திலேயே தெரிந்தது. அம்மா அடுப்படிக்குள் போனார், நானும் கூடவே போனேன். கதவு இடுக்கு வழியாகப் பார்த்தேன். அத்தைதான் முதல் படியில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். வசூல்காரர் பையைத் தொங்கவிட்டுக்கொண்டு நின்றார்.

"தம்பி, நீயும் உக்காரு. அண்ணாந்து பாத்துக் கழுத்து வலிக்குது."

அவர் தயங்கித் தயங்கி உட்கார்ந்தார்.

"நாமெல்லாம் நல்லவளுக மாதிரி வந்து உக்காந்திருக்கமே, இதுல வேற குழுவுலயும் கடன் வாங்காதவ யாரு? வாங்குனவ எல்லாம் கையத் தூக்குங்கடி" என்றார் அத்தை.

ஒருவரும் அசையவில்லை. ஒருவர் சேலை நூலைப் பிரித்துக்கொண்டிருந்தார். இன்னொருவர் தெருவைப் பார்த்தார்.

அத்தை தன் கையைத் தூக்கினார். பிறகு மற்றொரு கையையும் தூக்கினார்.

"எனக்கு ரெண்டு. மூணாவதும் ஒண்ணு இருக்கு. கை பத்தல."

"அப்ப காலத் தூக்குக்கா!" என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

சிரிப்பு எங்கிருந்து தொடங்கியது என்று தெரியவில்லை. சிரித்து முடிப்பதற்குள் ஒவ்வொரு கையாக மேலே வந்தது. கடைசியில் அத்தை வசூல்காரரைப் பார்த்து, "உனக்கு எம்புட்டு இருக்கு தம்பி?" என்று கேட்டார். "பைக் டியூ மட்டும்தான்க்கா" என்று அவரும் பாதிக் கையைத் தூக்கினார்.

நான் திரும்பிப் பார்த்தேன். யாருக்கும் தெரியாத அந்த அடுப்படி இருட்டில் அம்மாவும் கையைத் தூக்கியிருந்தார். தூக்கிய கையை இறக்காமலே வெளியே நடந்து போனார். வாசலில் அவருக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்கள்.

அன்று பணம் வாங்காமலே வசூல்காரர் எழுந்து போனார். எல்லாரும் போன பிறகு அத்தை மட்டும் இருந்தார். அன்றுதான் ஒரு விஷயத்தைச் சொன்னார். அதற்கு முந்தைய வருஷம் மல்லிகா என்பவர் வீட்டு வாசலிலும் அவர்தான் முதல் ஆளாக உட்கார்ந்தாராம். "நாக்குல நரம்பில்லாமப் பேசுனேன். ஒரு வாரத்துல பிள்ளைகளக் கூட்டிட்டு வீட்டப் பூட்டிட்டுப் போயிட்டா. எங்க இருக்கான்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல. இன்னொரு வீடு பூட்டிக் கிடக்கிறத நான் பாக்க மாட்டேன்" என்றார். அவர் குரல் அப்படித் தணிந்து நான் கேட்டது அந்த ஒரு தடவைதான்.

காளவாசலில் கம்பெனி ஆபீஸ் மாடியில் இருந்தது. தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கக் குழுவில் இருந்த எல்லாரும் ஆட்டோவில் இடித்துப் பிடித்துக்கொண்டு போனார்கள். சனிக்கிழமை என்பதால் நானும் போனேன். மேனேஜர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, "ஒவ்வொருத்தராத் தனித்தனியா வாங்கம்மா" என்றார்.

"வீட்டுக்கு அனுப்புறப்ப மட்டும் எல்லாரையும் சேத்து அனுப்புறீங்க. ஆபீசுக்கு மட்டும் தனித்தனியா வரணுமா சார்?" என்று அத்தை கேட்டார்.

மேனேஜர் மோசமான ஆள் இல்லை. தவணையைக் குறைப்பது தன் கையில் இல்லை, மேலிடத்தில் கேட்க வேண்டும் என்றார்.

"கேளுங்க சார். நாங்க உக்காந்திருக்கோம். அதுதான் எங்களுக்கு நல்லாப் பழக்கமாச்சே."

அன்று பதில் கிடைக்கவில்லை. அத்தை விடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து ஃபாதரிடம் கேட்டபோது, கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, அங்கே போய்ச் சொல்லுங்கள் என்றார். கோர்ட் என்றதும் பாதிப் பேர் பின்வாங்கினார்கள். அத்தைக்கும் பயம்தான். பஸ்ஸில் என் கையைப் பிடித்திருந்த அவர் கை ஈரமாக இருந்தது. ஆனால் வாயைத் திறந்தால் பயம் தெரியாது. "நாம என்ன கொலையா பண்ணிட்டுப் போறோம்? கடன் வாங்கிட்டுப் போறோம். நெஞ்ச நிமித்தி நடங்கடி" என்றார்.

அங்கே ஒரு இளம் பெண் வக்கீல் எல்லாருடைய கதையையும் பொறுமையாகக் கேட்டார். நேரங்கெட்ட நேரத்தில் வீட்டுக்கு வந்து மிரட்டுவதும், ஊர் பார்க்க அவமானப்படுத்துவதும் கூடாது என்றார். வருமானத்துக்குத் தக்கபடி தவணையை மாற்றித் தரச் சொல்லிக் கம்பெனியிடம் அவரே பேசினார். அதற்குச் சில மாதங்கள் ஆயின. கடைசியில் தவணை பாதியானது, காலம் நீண்டது. வாசலில் உட்காரும் வழக்கமும் நின்றது. தோழிக்காக எடுத்த கடன் மட்டும் அம்மா தலையில்தான் நின்றது. "கையெழுத்து உங்களோடதும்மா. அதுல நான் உங்களுக்கு நம்பிக்கை கொடுத்து ஏமாத்த மாட்டேன்" என்று வக்கீல் சொல்லிவிட்டார். வீட்டில் சொல்லிவிடுங்கள் என்றும் சொன்னார்.

வீட்டில் சொல்வது அம்மாவுக்குக் கோர்ட்டுக்குப் போவதைவிடக் கஷ்டமாக இருந்தது. அதற்கும் அத்தைதான் வந்தார், ஒரு சட்டி மாவோடு. அப்பா தட்டின் முன் உட்கார்ந்ததும், "தம்பி, மொதல்ல சாப்பிடு. அப்புறம் கோவிச்சுக்கலாம்" என்றார். அப்பாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா தோசைக் கரண்டியைப் பிடித்துக்கொண்டு, முதுகைக் காட்டியபடியே ஒவ்வொன்றாகச் சொல்லி முடித்தார். அப்பா பாதித் தோசையில் கை கழுவினார். வெளியே போய் வேனில் ஏறி உட்கார்ந்தார். அவர் எங்காவது போய்விடுவார் என்று நான் வாசலுக்கு ஓடினேன்.

"எங்கிட்டுப் போவாரு? சாவி என் முந்தானையிலல்ல இருக்கு" என்றார் அத்தை.

அவர் அதை எப்போது எடுத்து முடிந்துகொண்டார் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நெடுநேரம் கழித்து அப்பா உள்ளே வந்தார். அம்மாவைப் பார்த்து, "இத மனசுல வச்சுக்கிட்டா இம்புட்டு நாளாத் தூங்காமக் கெடந்த?" என்று கேட்டார். பிறகு தட்டை இழுத்துப் போட்டு, "இன்னும் ரெண்டு ஊத்து" என்றார். ஜவுளிக்கடை பற்றி அதன்பின் யாரும் பேசவில்லை. இப்போது நான் பதினொன்றாம் வகுப்பில் படிக்கிறேன்.

கடன் இன்னும் தீரவில்லை. அத்தை போன பிறகு அது பழையபடி எங்களைப் பிடித்துக்கொள்ளும் என்று எனக்குப் பயமாக இருந்தது. அடக்கம் முடிந்து வந்ததிலிருந்து அம்மா பகலிலும் கதவைச் சாத்தியே வைத்திருந்தார். நேற்றுச் சாயங்காலம் வாசலில் பைக் வந்து நின்றது. இந்த வாரம் அப்பாவுக்குச் சரியாக லோடு கிடைக்கவில்லை என்பது எனக்குத் தெரியும். கதவு தட்டப்பட்டதும் அம்மா எழுந்து அடுப்படிக்குள் போய்விட்டார். அங்கிருந்து எனக்குக் கையைக் காட்டினார். இல்லை என்று சொல்லச் சொல்லும் அந்தப் பழைய சைகை.

நான் கதவைத் திறந்தேன். எதிர்வீடு பூட்டிக் கிடந்தது. அடுப்படிப் பக்கம் நான் பார்க்கவில்லை.

"அம்மா உள்ள இருக்காங்க. உக்காருங்கண்ணே" என்றேன்.

அதற்குப் பிறகு என்ன ஆகும் என்று தெரியாமல் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அடுப்படியில் ஒரு பாத்திரம் உருண்டது. அம்மா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். "வாங்க தம்பி. இந்த வாரம் பாதிதான் இருக்கு. மீதிய அடுத்த வாரம் சேத்துத் தாரேன்" என்றார். தெருவுக்கே கேட்கும் குரலில் சொன்னார். வசூல்காரர் சரி என்று வாங்கிக்கொண்டார். போகும்போது பூட்டியிருந்த எதிர்வீட்டைப் பார்த்துவிட்டு, "ஸ்டெல்லாக்கா இருந்திருந்தா ஒரு சட்டி மாவும் வாங்கிட்டுப் போயிருப்பேன்" என்றார். அம்மா அவர் போனபின் வாசல் படியிலேயே உட்கார்ந்து அழுதார். ஆனால் கதவைச் சாத்தவில்லை.

ஸ்டெல்லா அத்தையிடமிருந்து நான் வைத்துக்கொண்டது அந்தத் திறந்த கதவைத்தான். இருக்கிறோம் என்று சொல்வதற்கு அவர் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வாயைத் திறந்துவிட்டுப் போயிருக்கிறார்.

முப்பதாம் நாள் ஜெபத்தில் அம்மா முன் வரிசையில் உட்கார்ந்திருப்பார். யார் பேசப் போகிறீர்கள் என்று அத்தையின் மகன் கேட்பார். முதலில் ஒருவரும் அசைய மாட்டார்கள், எனக்குத் தெரியும். இதை நீங்கள் கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள் என்றால், நான் கையைத் தூக்கிவிட்டேன்.