யாரு மூட்டைன்னு கேக்கலையே!

ஏலக்காய் வாசம் வந்தா உங்களுக்குப் பாயசம் ஞாபகம் வரும். எனக்கு ஒரு வகுத்தல் கணக்கு ஞாபகம் வரும். போடியில ஒரு ஆடிட்டர் ஆபீசுல பதினாலு வருஷமா வியாபாரிகளோட கணக்கைப் பிரிச்சு, ரேஷியோ போட்டு, பேங்குக்கு அனுப்புறதுதான் என் சோலி. புள்ளிக்குப் பின்னாடி வர்ற ரெண்டு எண்ணுக்காகத் தூக்கம் கெட்டவங்க யாராவது இருந்தா வாங்க, பக்கத்துல உக்காருங்க. நாமெல்லாம் ஒரே சாதி.

பேங்கோட பயம்

காதர் பாய் ஏலக்காய் வியாபாரி. வருஷா வருஷம் அவரோட பேங்க் கடனைப் புதுப்பிக்கணும். அது நின்னுட்டா ஏலத்துல காய் எடுக்க முடியாது. கடையில தரம் பிரிக்கிற பதினொரு பொம்பளைங்களும் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். பேங்க் முதல்ல பார்க்கிறது கரண்ட் ரேஷியோ. சரக்கு, வரவேண்டிய பாக்கி, கையிருப்புன்னு ஒரு வருஷத்துக்குள்ள காசாகிறதையெல்லாம் கூட்டி, அதே ஒரு வருஷத்துக்குள்ள கொடுத்துத் தீர்க்க வேண்டியதால வகுக்கணும். விடை 1.33-க்குக் கீழே போகக் கூடாது.

ஒண்ணு வந்தாலே கொடுக்கிறதுக்குச் சரியாப் போச்சே, மீதி எதுக்குன்னு பாய் கேட்டார். நாளைக்கே காய் விலை விழுந்தா தாங்கணும்ல, அதுக்குத்தான்னு சொன்னேன். பாய் விடலை.

"விலை விழுகும்னு பேங்குக்கே அம்புட்டுப் பயமா இருந்தா, எனக்கு எதுக்கும்மா கடன் குடுக்குறாங்க?"

1.50

இந்த வருஷம் சரக்குக் கணக்கு வந்துச்சு, முப்பத்தெட்டு மூட்டை. பாக்கி, கையிருப்பெல்லாம் சேர்த்து வந்த தொண்ணூறு லட்சத்தை, கொடுக்க வேண்டிய அறுபது லட்சத்தால வகுத்தேன். 1.50! போன வருஷம் இழுத்துப் பிடிச்சு 1.35-ல நிறுத்தின ஆளுக்கு 1.50. சந்தோஷத்துல அன்னைக்கே பேங்குக்கு அனுப்பிட்டேன். புத்தி கெட்ட கழுதை, மத்த ரேஷியோவையும் போட்டுப் பார்த்துட்டு அனுப்பக் கூடாதா?

மறுநாள் காலையில போட்டேன். எந்த வருஷமும் நூறு ரூபாய் வியாபாரத்துக்கு ஆறு ரூபாய் தாண்டாத மொத்த லாபம், பதினஞ்சு ரூபாய்னு வந்து நிக்குது. ஐம்பது நாள்ல வித்துப் போற சரக்கு, நூறு நாள் கிடக்கிறதாக் காட்டுது. காய் வாங்கின பில்லு கூடலை, விற்பனையும் கூடலை, சரக்கு மட்டும் எப்படிக் கூடும்? டம்ளர் டீ கையிலேயே ஆறிப் போச்சு. செருப்பை மாட்டிக்கிட்டு பாயோட குடோனுக்கு ஓடினேன்.

அங்கே ஒரு பக்கம் பதினஞ்சு மூட்டை, வாயில கலர் கலரா துணி கட்டிக் கிடந்துச்சு. மலையில குரங்கணிப் பக்கத்து ஏலத்தோட்டக்காரங்க மூட்டைங்க. விலை பிடிக்கலைன்னா நம்பிக்கையான வியாபாரிகிட்ட காயைப் போட்டுட்டுப் போவாங்க. விலை ஏறினதும் வந்து பேசி முடிப்பாங்க, இல்லை எடுத்துக்கிட்டுப் போவாங்க. சீட்டும் கிடையாது, கையெழுத்தும் கிடையாது, அடையாளத்துக்கு அந்தத் துணிதான். மூட்டையை எண்ணிக் கொடுத்தது தரம் பிரிக்கிற பாண்டியம்மா. ஏண்டி இப்படிப் பண்ணினேன்னு பிடிபிடின்னு பிடிச்சேன். அவ கையில இருந்த முறத்தைக்கூடக் கீழே வைக்கலை.

"கிடக்கிற மூட்டைய எண்ணச் சொன்னீங்க, எண்ணுனேன். யாரு மூட்டைன்னு நீங்க கேக்கலையேக்கா."

1.20

பதினஞ்சு மூட்டையைக் கழிச்சா பதினெட்டு லட்சம் போச்சு. எழுபத்திரண்டை அறுபதால வகுத்தா 1.20. பாய்கிட்டப் போய்ச் சொன்னேன். பேசாம அந்தக் காயைக் கடனுக்கு வாங்கினதா எழுதிருவோமான்னார். ஆசைக்குப் போட்டுப் பார்த்தேன். சரக்கும் ஏறும், கடனும் ஏறும். தொண்ணூறை எழுபத்தெட்டால வகுத்தா இன்னும் கீழே, 1.15. அதோட அது பொய். பாயே வேண்டாம்னு தலையை ஆட்டிட்டார்.

தப்பா அனுப்பினதை நானே பேங்குக்குப் போய்ச் சொல்லணும். எங்க ஆடிட்டர் சார், நீ போட்ட கணக்கு, நீயே போய் வாங்கிக் கட்டிக்கோன்னுட்டார். பேங்க் வாசல்ல ரெண்டு தடவை திரும்பிட்டேன், மூணாவது தடவைதான் உள்ளே போனேன். மேனேஜர் பழைய தாளையும் புதுத் தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் பார்த்தார். நேர்ல வந்து எண்ணிப் பார்க்கிறேன்னு மட்டும் சொன்னார். அதுக்கு அவர் நாலு திட்டுத் திட்டியிருக்கலாம்.

அடுத்த நாள் அவர் குடோன்ல மூட்டையை எண்ணிக்கிட்டு இருக்கிறப்போ, குரங்கணி ஜீப்புல இருந்து தோட்டக்காரர் மலைச்சாமி அண்ணன் இறங்கி வந்தார். பச்சைத் துணி கட்டின ரெண்டு மூட்டையை ஜீப்புல ஏத்திட்டு, வர்றேன் பாய்னு கிளம்பிட்டார். அந்த மூட்டை நேத்து வரைக்கும் என் 1.50-க்குள்ள இருந்துச்சு! மேனேஜர் அவரை நிறுத்தி, போட்டதுக்கு என்ன ரசீது இருக்குன்னு கேட்டார்.

"எட்டு வருஷமாப் போட்டு எடுக்கேன் சார், ஒத்தக் காய் குறைஞ்சதில்ல. ரசீதுன்னு கேட்டா பாய் மனசு சங்கடப்படாதா?"

எட்டு லட்சம்

மேனேஜர் ஒரே ஒரு வழி சொன்னார். பாய் சொந்தப் பணமா எட்டு லட்சம் தொழில்ல போட்டா எண்பது ஆகும். அறுபதால வகுத்தா சரியா 1.33. ரெண்டு வாரம் டைம். அந்த ரெண்டு வாரமும் ஆபீசுல போன் அடிச்சா, பாயோன்னு நான்தான் ஓடிப் போய் எடுப்பேன். கால்குலேட்டர்ல எழுபத்திரண்டை அறுபதால எத்தனை தடவை வகுத்திருப்பேன்னு கணக்கே இல்லை. ஒரு தடவையாவது மாறி வராதான்னு ஒரு நப்பாசைதான்.

பன்னிரண்டாம் நாள் பாய் வந்து பேங்குல பணம் கட்டின சீட்டை என் மேசையில வச்சார். பொட்டிபுரம் போற வழியில வீடு கட்டன்னு வாங்கிப் போட்டிருந்த இடத்தை வித்துட்டாராம். கடன் புதுப்பிச்சாச்சு, பாண்டியம்மாவும் மத்தவங்களும் வழக்கம்போல வேலைக்கு வர்றாங்க. நான் முதல்லயே சரியாப் போட்டிருந்தாலும் உண்மை 1.20-தான்னு எனக்குத் தெரியும். ஆனாலும் அந்தச் சீட்டை எடுத்து ஃபைல்ல போட மனசு வரலை. பாய் எந்திரிச்சு வாசல் வரைக்கும் போயிட்டுத் திரும்பினார்.

"அந்த ரேஷியோக்குள்ள என் வீட்டைப் போட்டிருக்கேன் தாயி. எப்ப வெளிய எடுக்கலாம்னு வெரசாப் பார்த்துச் சொல்லு."

பதினாலு வருஷத்துல நான் கத்துக்கிட்டது இவ்வளவுதாங்க: விடை நல்லா வந்தா சந்தோஷப்படுறதுக்கு முன்னாடி செருப்பை மாட்டிக்கிட்டு ஒரு எட்டு குடோனுக்குப் போய் வந்துரணும்.