ஒன்பது பக்கத்தில் விட்டுப்போன கடை

தங்கை ஜெயித்தவை எவை என்று யாராவது கேட்டால் தையல்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு வரிசை மாறாமல் சொல்வார். முதலாவது, சந்தை வாசலில் ஆறடிக்கு நாலடி இடம். அங்கே பூட்டு ரிப்பேர் செய்கிற பதினோரு பேரும் ஆண்கள். பொம்பளைக்கு இங்கே என்ன வேலை என்று அவளுடைய அரத்தையும் பெட்டியையும் மூன்று முறை தூக்கி வெளியே வைத்தார்கள். மூன்று முறையும் திரும்ப எடுத்துக்கொண்டு வந்து அதே இடத்தில் உட்கார்ந்தாள். இரண்டாவது, அவர்களுடைய சங்கத்தில் உறுப்பினர் அட்டை. அதற்கு நாலு வருஷம். மூன்றாவது, பின்சந்துக்குத் தெருவிளக்கு. பதினோரு மாதம், ஒன்பது மனு. நான்காவதுதான் வார்டு கவுன்சிலர் தேர்தல். எதிராளிக்கு நாலு ஜீப், ஒலிபெருக்கி, மாலை போட ஆள். இவளுக்குச் செருப்பு மட்டும். பதினேழு ஓட்டில் ஜெயித்தாள். எதிராளி இரண்டு முறை திரும்ப எண்ணச் சொன்னார். இரண்டு முறையும் பதினேழுதான். தையல்காரர் பக்கத்திலேயே நின்று எண்ணியிருக்கிறார்.

வார்டில் அவளைச் 'சாவியக்கா' என்பார்கள். நாற்பத்தொரு வயது, கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. யாருடைய சாவியிலும் நகல் எடுத்து வைத்துக்கொள்ள மாட்டாள். வெட்டும்போது பிசகிப்போன சாவியைக்கூட வாடிக்கையாளர் கண்ணெதிரே பல்லெல்லாம் ராவி மொட்டையாக்கித்தான் குப்பையில் போடுவாள். அதைப் பார்த்துத்தான் ஓட்டு விழுந்தது என்பது தையல்காரரின் கட்சி.

ஆனால் ஓட்டுக் கேட்கும்போது அவள் கொடுத்த வாக்குறுதி பூட்டைப் பற்றியது அல்ல, பஸ் நிறுத்தத்தைப் பற்றியது. நிறுத்தம் பெரிய சாலைக்கு அந்தப் பக்கம். கிளினிக் இந்தப் பக்கம். நோயாளிகள் லாரிக்கும் காருக்கும் நடுவே புகுந்துதான் வர வேண்டும். பால் பூத்து வைத்திருக்கிற அம்மா, சிறுநீரகம் கெட்டுப்போன புருஷனை வாரம் மூன்று நாள் அப்படித்தான் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வருகிறாள். நிறுத்தத்தைக் கிளினிக் வாசலுக்கு மாற்ற வேண்டும் என்று சாவியக்கா மன்றத்தில் தீர்மானம் கொடுத்தாள். மன்றத்தில் மொத்தம் பதினோரு பேர். அவளோடு சேர்த்து ஆறு பேர் ஆதரவு, ஐந்து பேர் எதிர்ப்பு. தேறிவிடும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

கூட்டத்துக்குப் பதினைந்து நாள் முன்னால் மன்ற அலுவலகத்திலிருந்து ஒரு படிவம் வந்தது. புது உறுப்பினர்கள் தங்கள் சொந்த நலன்களை எழுதித் தர வேண்டுமாம். படிப்பு, எழுத்து என்று எது வந்தாலும் அவளுக்கு அண்ணன்தான். அவர் எட்டாவது வரை படித்தவர். அவள் படிக்கவில்லை. அம்மா படுக்கையில் கிடந்த காலத்தில் ஒருவர் வீட்டில் இருக்க வேண்டியிருந்தது, இருந்தது அவள். இதைப் பற்றித் தையல்காரர் அதிகம் பேச மாட்டார்.

"அண்ணா, 'நேரடியாகவோ மறைமுகமாகவோ ஆதாயம்'னு போட்டிருக்குன்னியே, அப்படின்னா?"

"நேரா வர்றது ஒண்ணு. சுத்தி வளைச்சு வர்றது ஒண்ணு."

"வார்டுல எல்லா வீட்டுக்கும் பூட்டு பார்த்துக் காசு வாங்கியிருக்கேன். அது எதுல சேரும்?"

தையல்காரர் யோசித்தார். "அது நேரா வர்றதுதான்."

"அப்ப எல்லா வீட்டையும் எழுதுண்ணா. ஒண்ணுகூட விடாதே. நாளைக்கு எவனும் வாயைத் திறக்கக் கூடாது."

மூன்று நாள் எழுதினார். மஞ்சள் கேட்டு வீடு, ஏழு லீவர் பூட்டு. மாடிப்படி உடைந்த வீடு, பீரோ சாவி இரண்டு. அவளுக்கு ஆள் பெயர் மறக்கும், பூட்டு மறக்காது. அவள் சொல்லச் சொல்ல அளவுகோல் வைத்துக் கோடு போட்டு, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாமல் எழுதினார். இருநூற்றுப் பன்னிரண்டு வீடு, ஒன்பது பக்கம். துணி வெட்டுகிற மேஜையில் அடுக்கி வைத்துப் பார்த்தபோது அவருக்கே பெருமையாக இருந்தது.

மன்ற எழுத்தர் மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவைத்துக்கொண்டு அதைத் தேடுகிற மனுஷன். ஒன்பது பக்கத்தையும் புரட்டினார்.

"சாவியக்கா, இது படிவமா, வாக்காளர் பட்டியலா?"

"எல்லாத்தையும் எழுதச் சொல்லியிருந்துதேங்க."

"சரி, எழுதிட்டீங்க. கிளினிக் வாசல்ல ஒரு தையல் கடை இருக்கே, அது யாரோடது?"

"எங்கண்ணனோடது." பக்கத்தில் நின்றவரைக் காட்டினாள்.

"அது இதுல எங்க?"

"அது என்னோடது இல்லீங்களே. அதனாலதான் எழுதல."

எழுத்தர் கண்ணாடியைக் கண்டுபிடித்துப் போட்டுக்கொண்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். தையல்காரருக்குக் காது சுட்டது. இருநூற்றுப் பன்னிரண்டு வீட்டைத் தேடித் தேடி எழுதியவர், எழுதிக்கொண்டிருந்த இடத்தையே விட்டிருக்கிறார்.

எழுத்தர் விளக்கினார். ஒரு தீர்மானத்தால் உறுப்பினருக்கோ அவருக்கு நெருங்கியவருக்கோ ஆதாயம் வருமென்றால், அந்த விஷயம் வருவதற்கு முன்னால் பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிட்டு, எழுந்து வெளியே போய்விட வேண்டும். பேசக் கூடாது, ஓட்டுப் போடக் கூடாது.

"அண்ணன் நெருங்கியவராங்க?"

"விதியில அண்ணன், தங்கச்சின்னு தனியாப் போடல. 'ஒரே வீட்டில் வசிப்பவர்'னு இருக்கு, 'நெருங்கியவர்'னு இருக்கு."

"கீழ அவங்க, மாடியில நான். அடுப்பு வேற வேற."

"கதவு எண்?"

"ஒண்ணுதான். தண்ணி மோட்டாரும் ஒண்ணுதான்."

"மோட்டாரைப் பத்தி விதியில எதுவும் இல்ல," என்றார் எழுத்தர், நிஜமாகவே வருத்தப்பட்டு. "நான் விதியைப் படிச்சுத்தான் காட்டலாம். முடிவு உங்களோடது."

ஆறிலிருந்து ஒன்று போனால் ஐந்து. ஐந்துக்கு ஐந்து. சமமானால் தீர்மானம் விழுந்துவிடும். ஆறு மாதத்துக்கு மறுபடி கொண்டுவர முடியாது. திரும்பி வரும் வழியில் தையல்காரர் இந்தக் கணக்கை விரல் விட்டு மூன்று தடவை போட்டுப் பார்த்தார். மாறவில்லை.

மூத்த கவுன்சிலர் ஒருவரிடம் யோசனை கேட்கப் போனார்கள். அவர் சிரித்தே விட்டார். "ஒதுக்கித் தள்ளும்மா. இங்க பாதிச் சாக்கடை என் மச்சான் கட்டினது. நான் என்ன எழுந்தா போனேன்? கையைத் தூக்கினேன். ரெண்டு கையையும் தூக்கியிருப்பேன், ஒண்ணுல டீ கிளாஸ் இருந்துச்சு."

அவள் சிரிக்கவில்லை. பால் பூத்து அம்மா சொன்னதைக் கேட்டபிறகு சிரிக்கவும் வழியில்லாமல் போனது. "நீ எழுந்து போனா நீ மட்டுமாடி எழுந்து போற? நாங்க போட்ட ஓட்டும்தான் எழுந்து போகுது. அதுக்கா உன்னை உள்ள அனுப்பினோம்?"

அதுவும் நியாயமாகத்தான் பட்டது. ஒவ்வொருவர் சொல்லும்போதும் அது அது நியாயமாகப் பட்டது, அதுதான் தொல்லை. ஒரு பூட்டுக்கு ஒரு சாவி என்று பழகியவளுக்கு, நாலு சாவியும் நுழைகிறது, ஒன்றும் திரும்பவில்லை என்பது பிடிபடவேயில்லை.

அன்று அவளையும் கீழே சாப்பிடக் கூப்பிட்டு உட்கார்ந்தபோது தையல்காரர் அடித்துப் பேசினார். "எனக்கு என்னம்மா லாபம்? பஸ்ஸ விட்டு இறங்கறவன் ஊசியப் போட்டுக்கிட்டு வீட்டுக்குப் போவானா, என்கிட்ட வந்து பேண்ட் அளவு குடுப்பானா?"

அண்ணி குழம்பு ஊற்றிக்கொண்டே கேட்டாள்: "அப்ப இன்னொரு மெஷின் எதுக்குச் சொல்லி வெச்சீங்களாம்?"

தையல்காரர் தட்டைப் பார்த்தார்.

"எப்பண்ணா சொல்லி வெச்சே?"

"போன மாசம்."

"நான் தீர்மானம் குடுத்ததுக்கு முன்னாடியா, பின்னாடியா?"

அவர் பொய் சொல்லத் தெரியாதவர். அப்போதுதான் அவருக்கே அது உறைத்தது. தங்கைக்காகச் சந்தோஷப்படுவதாகத்தான் இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தார். "பின்னாடி," என்றார்.

காலையில் முதல் வேலையாகப் போய் மெஷின் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, நேரே எழுத்தரிடம் போய் நின்றார். "மெஷினைக் கேன்சல் பண்ணிட்டேங்க. இப்ப அவ ஓட்டுப் போடலாம்ல?"

"கடையையும் கேன்சல் பண்ணிட்டீங்களா?"

வீட்டுக்கு வந்து சொன்னார். அவள் அரத்தைத் துணியால் துடைத்து வைத்தாள். "எழுதிடுவோம்ணா. தப்பா ரைட்டான்னு எனக்குப் புரியல. ஆனா உன்கிட்ட முன்னாடியா பின்னாடியான்னு கேட்டேன் பாரு, அதைக் கேட்கத் தோணுச்சுன்னாலே அங்க ஏதோ இருக்கு."

எழுதுவது என்று முடிவானதும் வேறொரு முட்டுக்கட்டை வந்தது. அவள் கையெழுத்துப் போட மாட்டாள், கைநாட்டுத்தான். கைநாட்டு வைத்தால் அது இன்னாருடையதுதான் என்று இன்னொருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். சங்க அட்டையிலிருந்து வேட்புமனு வரை எல்லாவற்றிலும் அண்ணன்தான் சாட்சி.

"இதுல ஆகாது," என்றார் எழுத்தர். "உங்க கடையைப் பத்தி எழுதற பக்கத்துல நீங்களே எப்படிங்க சாட்சி? வேற யாராச்சும் உறுப்பினர் போடலாம்."

ஆதரவு தருகிற ஐந்து பேரும் போட மாட்டோம் என்றார்கள். அவள் வெளியே போவதே அவர்களுக்குப் பிடிக்கவில்லை. எதிர்க்கிற ஐந்து பேரும் நான் நீ என்று முந்திக்கொண்டு பேனாவைத் திறந்தார்கள். "அவங்க பேனா வேணாம்," என்றாள் அவள். "அவங்க போட்டா, அவங்க சொல்லித்தான் நான் போனேன்னு ஆகும்."

கூட்டத்துக்கு நாலு நாள் இருந்தது. மன்றத்தில் அவளுடைய மேஜை மேல் இருந்த பெயர்ப்பலகையை எழுத்தரிடம் சொல்லிவிட்டு எடுத்துவந்தாள். தையல்காரர் எழுத்துகளைச் சொல்லித்தர வந்தார். வேண்டாம் என்று கையைக் காட்டினாள். "நீ கையைப் பிடிச்சா அப்புறம் அதுவும் உன் கையெழுத்துதான்." ஒரு சாவியைப் பார்த்து இன்னொரு சாவி வெட்டுவதுபோல, எங்கே பள்ளம், எங்கே பல், எங்கே வளைகிறது என்று கண்ணாலேயே அளந்தாள். துணியில் கோடு போடுகிற சாக்கட்டியால் மிச்சத் துணியில் போட்டுப் பார்த்தாள். பிசகியதையெல்லாம் உதறி அழித்தாள். தையல்காரர் மெஷினை மிதிப்பதுபோல உட்கார்ந்திருந்தார்; நாலு நாளும் ஒரு காலர்கூட நேராக வரவில்லை.

கூட்டத்தன்று ஏழாம் தீர்மானம் என்று தலைவர் வாசித்ததும் அவள் எழுந்தாள். பதிவேட்டின் மேல் குனிந்தாள். பார்வையாளர் பெஞ்சிலிருந்து தையல்காரருக்கு அவள் முதுகு மட்டும்தான் தெரிந்தது. பள்ளிக்கூடப் பிள்ளை பாதிப் பரீட்சை எழுதுகிற நேரம் ஆனது. மூத்த கவுன்சிலர் கடிகாரத்தைப் பார்த்து இருமினார். அப்புறம் அவள் பேனாவை மூடிவிட்டு, யாரையும் பார்க்காமல் வெளியே வந்தாள். அவரும் பின்னாலேயே வந்தார். தாழ்வாரத்தில் உட்கார்ந்தார்கள். கதவு தடிமன், உள்ளே பேசுவது கேட்கவில்லை.

"அந்தக் கதவுக்கு என்ன பூட்டும்மா?" என்று கேட்டார், ஏதாவது பேச வேண்டுமே என்று.

"சும்மா இருண்ணா."

ஐந்துக்கு ஐந்து. தீர்மானம் விழுந்தது.

"சரியாத்தான் பண்ணினேனாண்ணா?" என்று வழியெல்லாம் கேட்டாள். தெரியலம்மா என்பதைத் தவிர அவருக்கும் சொல்லத் தெரியவில்லை.

மறுநாளே வார்டில் புகைய ஆரம்பித்தது. சாவியக்கா எதிராளிகளிடம் கை நீட்டிக் காசு வாங்கிவிட்டுத்தான் சரியான நேரம் பார்த்து நழுவினாள் என்று பேச்சு. பின்சந்தில் அவள் போனால் இருவர் வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்தினார்கள், அவள் பூட்டுப் பொருத்திய கதவுகள். பால் பூத்து அம்மா கடை வாசலுக்கே வந்து, துணி கொடுக்க வந்தவர்கள் எதிரில் கேட்டாள்: "என்ன குடுத்தாங்க உன் தங்கச்சிக்கு?"

தையல்காரர் சண்டை போடவில்லை. நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்து மடித்து வைத்தார். "பதிவேடு யார் வேணாலும் பார்க்கலாமாம். என்கூட வாங்க."

எழுத்தர் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பால் பூத்து அம்மா விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். தீர்மானம் ஏழு. கிளினிக் வாசலில் தையல் கடை வைத்திருப்பவர் என் அண்ணன். ஒரே கதவு எண்ணில் இருக்கிறோம். நிறுத்தம் வந்தால் அவருக்கு வியாபாரம் கூடும். அதனால் ஓட்டுப் போடவில்லை. சாவியக்கா சொல்லச் சொல்ல எழுத்தர் எழுதியது.

"இதுக்காகவா?" என்றாள் அந்த அம்மா. கோபம் போனதா என்று சொல்ல முடியாது. குழப்பம் வந்திருந்தது. "எங்க வீட்டுக்காரர் இன்னும் அந்த ரோட்டைத்தானே தாண்டறாரு?"

"ஆமாம்மா," என்றார் தையல்காரர்.

அவள் விரல் கீழே இறங்கி நின்றது. ஐந்து எழுத்து. பேனா தாளை அழுத்திய அழுத்தம் அடுத்த பக்கத்திலும் தடமாக விழுந்திருந்தது. "இது யார் போட்டது? நீயா?"

"நான் போடக் கூடாது. அவதான்."

"அவளுக்குத்தான் எழுதத் தெரியாதே."

தையல்காரர் சட்டைப்பையிலிருந்து பென்சிலை எடுத்து, ஒரு துண்டுச் சீட்டில் 'ஐந்தாவது' என்று போட்டு, அந்த ஐந்து எழுத்துக்குப் பக்கத்தில் இருந்த தேதியை அப்படியே பார்த்து எழுதிக்கொண்டார்: 2019 மார்ச் 14, வியாழக்கிழமை.