கேட்காமலே வாங்கிய மசாஜர்

நான் பிசியோதெரபிஸ்ட். காலையில் நாமக்கல்லில் ஒரு கிளினிக்கில் வேலை. மதியத்துக்கு மேல் பஸ் ஏறி, வாதம் வந்து படுத்திருப்பவர்களின் வீடுகளுக்குப் போய்ப் பயிற்சி கொடுப்பேன். அந்த வீடுகளில்தான் எனக்கு இந்தப் பைத்தியம் பிடித்தது. பரணிலும் பீரோவின் தலையிலும் தூசி படிந்து கிடக்கும் பழைய மின்சார மசாஜர்களைச் சேர்க்கிறேன். சலூன்காரர்கள் புறங்கையில் மாட்டிக்கொண்டு தலையைத் தடவிவிடும் ஸ்பிரிங் வைத்த மிஷின், துப்பாக்கி மாதிரி பிடி வைத்தது, கப்பலில் வந்தது என்று பல ரகம் என்னிடம் உண்டு. வைப்ரேட்டர் என்று சொன்னாலே கிளினிக்கில் சிலர் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். அதனால் என் அறை அலமாரியைத் தாண்டி அவற்றை வெளியே வைப்பதில்லை.

பரமத்தி வேலூரில் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த ஒருவருக்கு இடப்பக்கம் விழுந்துவிட்டது. அவரும் அவர் மனைவியும் மட்டும்தான் வீட்டில். ஒரு நாள் பயிற்சி முடிந்ததும் அந்த அம்மா உள்ளேயிருந்து ஒரு மிஷினை எடுத்துவந்தார். பச்சைப் பூச்சு, கனமான இரும்பு உடம்பு, கறுப்புப் பிடி, முனையில் ரப்பர் கிண்ணம். அவருடைய அண்ணன் மலேசியாவிலிருந்து கொண்டுவந்ததாம். தினமும் பொழுது சாய இதைக் கணவரின் கையில் வைத்து ஓட்டுகிறாராம். பிரயோஜனம் உண்டா என்று கேட்டார்.

அந்த மாதிரியை அதுவரை நான் படத்தில்தான் பார்த்திருந்தேன்.

"இதனால கை திரும்ப வராதுங்கம்மா" என்றேன்.

பொய்யில்லை. ஆனால் வேறு வீடுகளில் இதே கேள்விக்கு, கை வராது, ஆனால் இதமாக இருந்தால் ஓட்டுங்கள், கெடுதல் இல்லை என்றுதான் சொல்லுவேன். அன்று பின்பாதியைச் சொல்லவில்லை. அவர் மிஷினை முந்தானையால் துடைத்து, அப்படியென்றால் நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள் என்று நீட்டினார். வேண்டாம் என்றேன், பேருக்கு. அதற்குள் என் கை பையைத் திறந்துவிட்டிருந்தது.

வீட்டில் அதைத் துடைத்து, வயரை மாற்றி, நடுத்தட்டில் வைத்தேன். படமெடுத்துச் சேகரிப்பாளர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பாராட்டு குவிந்தது.

அதன் பிறகு அந்த அம்மாவின் கணவர் சுணங்கிப்போனார். முன்பு சுவரில் கையை வைத்து முக்கி முக்கி மேலே ஏற்றுபவர், இப்போது பாதியிலேயே விட்டுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். மாத்திரையின் அசதி என்று நினைத்தேன். ஒரு நாள் மனைவி மாட்டுக்குத் தண்ணீர் வைக்கப் போன நேரத்தில் அவர் கேட்டார்.

"அம்மிணி, அந்த மிசினு நல்லா ஓடுதுங்களா?"

ஓடுகிறது என்றேன்.

"கைக்கு ஒண்ணும் ஆவாதுன்னு எனக்கும் தெரியுமுங்க. அதைப் புடிச்சுட்டு இருக்கற நேரந்தான் இவ பக்கத்துல உக்காந்து பேசிட்டிருப்பா. இப்பப் பேச்சே இல்லாமப் போச்சுங்க."

குறையாகச் சொல்லவில்லை. மறுநாளே மிஷினை எடுத்துக்கொண்டு போனேன். நான் பாதிதான் சொன்னேன், இதமாக இருந்தால் ஓட்டலாம் என்று அந்த அம்மாவிடம் சொல்லி, மிஷினைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் முகம் மலரவில்லை. என்னைச் சமையலறைப் பக்கம் அழைத்துப்போனார்.

"அதைப் புடிச்சுப் புடிச்சு என் கை மரத்துப்போச்சுங்க அம்மிணி. தோளைத் தூக்க முடியல. பிரயோசனம் இல்லீன்னு நீங்க சொன்னப்ப, விட்டுது சாமின்னு இருந்துச்சுங்க."

வாராவாரம் அந்த வீட்டுக்குப் போகிறேன். அந்த அம்மாவின் தோளை ஒரு நாளும் பார்த்ததில்லை. எடுத்துப்போய் ஒருவரை நோகடித்தேன். திருப்பிக் கொடுத்து இன்னொருவரை.

சின்ன வீடு. எல்லாம் கட்டிலில் இருந்தவர் காதில் விழுந்திருக்கிறது. மனைவியைக் கூப்பிட்டுக் கட்டில் ஓரத்தில் உட்காரச் சொன்னார். நல்ல கையில் மிஷினை வாங்கி, சுவிட்சைப் போடச் சொல்லி, மனைவியின் தோளில் வைத்தார். நான் இருப்பதால் அந்த அம்மா கூச்சப்பட்டு நெளிந்தார். "சும்மா உக்காரு" என்றார். கனம் தாங்காமல் நல்ல கை நடுங்கியது. விழுந்த கையை முட்டுக் கொடுக்கப் பார்த்தார். அது முழுதாக எழவில்லை. ஆனால் எழப் பார்த்தது. பந்தும் குச்சியும் வைத்து நான் எத்தனையோ நாள் கெஞ்சியும் வராத அசைவு அது.

இப்போது மாலையில் இருவரும் மாற்றி மாற்றி ஓட்டிக்கொள்கிறார்கள், பேச்சும் நடக்கிறது. அந்த அம்மாவின் தோளுக்கும் பயிற்சி சொல்லிக்கொடுத்திருக்கிறேன். எங்கள் அம்மிணி மிசினை எடுத்துப்போய்ப் புது வயர் போட்டுக் கொண்டுவந்து கொடுத்தது, தங்கமான மனசு என்று அவர் அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார். என் முன்னாலேயே சொன்னார். நான் திருத்தவில்லை.

போன மாதம் மோகனூரில் ஒரு வீட்டில், மஞ்சள் பையிலிருந்து பழைய மசாஜர் ஒன்றை எடுத்து, இது உதவுமா என்று கேட்டார்கள். எனக்குப் பதில் தெரியும், இரண்டு பாதியும் தெரியும். டாக்டரைக் கேளுங்கள் என்று சொல்லிவிட்டு, அதைச் சரியாகப் பார்க்காமலே செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.