பத்து நிமிடப் பயிற்சிக்கு எட்டு மணி நேரம்: ஒரகடத்திலிருந்து எழும்பூர்

இந்த வலைப்பூவில் இதுவரை நான் எழுதியதெல்லாம் ஒரே நாளில் போய்த் திரும்பக்கூடிய கோயில்களும் ஏரிகளும்தான். இது வேறு பயணம். ஒரகடம் பக்கம் குடிவர நினைப்பவர்கள், அதிலும் வாராவாரம் சென்னைக்குள் போக வேண்டியவர்கள், அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள். போனது ஜூலையில், ஒரு புதன்கிழமை.

என் மகள் தாரணிக்கு மூன்றரை வயது. பிறந்ததிலிருந்தே காது கேட்காது. போன வருடம் அறுவை சிகிச்சை செய்து உள்ளே ஒரு கருவி பொருத்தினார்கள். வெளியே, காதுக்குப் பின்னால் ஒரு மிஷின் மாட்ட வேண்டும். மிஷின் சத்தத்தை மட்டும்தான் தரும். அது இன்ன சத்தம் என்று பிள்ளைக்குப் பழக்க, வாரம் இரண்டு நாள் எழும்பூரில் பேச்சுப் பயிற்சி. காலை பத்து மணிக்குத் தொடங்கி முக்கால் மணி நேரம்.

அப்போது புதுப்பேட்டையில் ஒரு அறையும் சமையற்கட்டும் உள்ள வீட்டில் இருந்தோம். வெயில் உள்ளே வராது, தண்ணீர் ஒரு வேளைதான் வரும். ஆனால் பயிற்சிக்கு நடந்தே போய்விடலாம். காலையில் இவள் அழுது அடம்பிடித்தால் பயிற்சி கொடுக்கும் மிஸ், "தூங்க வச்சு நாலு மணிக்குக் கூட்டிட்டு வாங்கம்மா" என்பார். அப்படியே செய்வேன். ஒருமுறை மிஷினின் ஒயர் அறுந்தபோது இரண்டு தெரு தள்ளிப் போய்ப் புதிது வாங்கி, மதியத்துக்குள் மாட்டிவிட்டேன். அதை ஒரு வசதி என்று அன்றைக்கு நான் நினைக்கவே இல்லை. சொந்த ஊர் சாத்தூரில் கேட்டால்கூட, மெட்ராஸில் புறாக்கூடு மாதிரி வீட்டில் கிடக்கிறோம் என்றுதான் சொல்வேன்.

என் கணவருக்கு ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் பராமரிப்பு வேலை, வாரத்துக்கு வாரம் ஷிஃப்ட் மாறும். போக வர ஐந்து மணி நேரம் ஆனது. இரண்டு முறை பைக்கிலேயே கண் அசந்துவிட்டார். இரண்டாவது முறை லாரிக்காரர் ஒருவர் ஹாரன் அடித்து எழுப்பியிருக்கிறார். அதற்குமேல் யோசிக்க ஒன்றும் இல்லை. மே மாதம் ஒரகடத்துக்கு வந்தோம். இரண்டு படுக்கையறை, நல்ல காற்று, அதே வாடகை. மகளைப் பயிற்சிக்கு ரயிலில் கூட்டிப்போகலாம், ஒன்றரை மணி நேரம்தானே என்று கணக்குப் போட்டது நான்தான்.

அந்தப் புதன்கிழமை காலை ஏழு மணிக்கு வீட்டைப் பூட்டினேன். கணவர் இரவு ஷிஃப்ட் முடிந்து வந்திருக்கவில்லை. கூட்டு ரோட்டுக்கு ஒன்றரை கிலோமீட்டர், பிள்ளையோடு இருபத்தைந்து நிமிட நடை. சிங்கப்பெருமாள் கோவிலுக்கு ஷேர் ஆட்டோ, நாற்பது ரூபாய். ஆனால் ஆள் நிறையாமல் கிளம்பாது. ஷிஃப்டுக்கு வருபவர்கள் எதிர்த்திசையில் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். ஸ்டேஷன் பக்கம் போக ஆள் இல்லை.

ஏழே முக்கால் ஆனபோது டிரைவரிடம், "அண்ணே, எட்டரை வண்டிய விட்டா பிள்ளைக்கு கிளாஸ் போயிரும்ணே. ரெண்டு ஆளு காசு நானே தாரேன், எடுங்க" என்றேன்.

அவர் தாரணியின் காதுக்குப் பின்னால் இருந்த மிஷினைப் பார்த்தார். பிறகு எதுவும் கேட்காமல் வண்டியை எடுத்தார். கூடுதல் காசும் வாங்கவில்லை. ஆனால் பன்னிரண்டு கிலோமீட்டரில் பாதி தூரம் கன்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. "முன்னாடி ஒரு வண்டி பிரேக்டவுன் ஆகி கீதும்மா. நான் இன்னா பண்றது சொல்லு" என்றார். நான் தலையாட்டினேன். ஸ்டேஷன் படியேறும்போது எட்டு நாற்பது. வண்டி போய்விட்டிருந்தது. அடுத்தது ஒன்பது பத்துக்கு. டிக்கெட் பதினைந்து ரூபாய்.

பெட்டியில் கூட்டம். தாம்பரத்துக்கு முன்பே தாரணி என் மடியில் தூங்கிவிட்டாள். எழும்பூரில் இறங்கி அவளைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே நுழைந்தபோது பத்து முப்பத்தைந்து.

மிஸ் கோபித்துக்கொள்ளவில்லை. தூக்கக் கலக்கத்தில் இருந்தவளை எதிரே உட்கார வைத்தார். உதட்டைப் பார்த்துக் கண்டுபிடிக்காதபடி வாயை ஒரு அட்டையால் மறைத்துக்கொண்டு, ஆறு சத்தம் ஒவ்வொன்றாகக் கொடுப்பார். கேட்டதும் இவள் கையிலுள்ள வளையத்தைக் குச்சியில் போட வேண்டும். ஏப்ரலில் ஆறு சத்தத்துக்கும் போட்டவள். அன்றைக்கு முதல் சத்தத்துக்குப் போட்டாள். இரண்டாவதற்கு வளையத்தைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள். அடுத்தடுத்த சத்தங்களுக்கும் அசையவில்லை. பிறகு எட்டி, மிஸ் கையிலிருந்த அட்டையை விலக்கி, அவர் உதட்டைப் பார்த்தாள்.

பத்தே முக்காலுக்கு மிஸ் அட்டையை மேசையில் வைத்தார். "திறமை ஒண்ணும் குறையலம்மா. நடுவுல ஒயர் இல்லாம ஒன்பது நாள் மிஷின் மாட்டல. கிளாஸும் பாதிக்கு மேல வரல. பழக்கம் விட்டுப்போச்சு. இந்த வயசுல விட்டா திரும்பப் பிடிக்கறது கஷ்டம்."

ஒரகடத்தில் ஒயர் கிடைக்காமல் கூரியரில் வரவழைத்த ஒன்பது நாள் அது. வெளியே அடுத்த பிள்ளை வந்து உட்கார்ந்திருந்தது.

மதியம் ரயில் அடிக்கடி இல்லை. மீண்டும் ஷேர் ஆட்டோவுக்குக் காத்திருந்து வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. கணவர் தூங்காமல் உட்கார்ந்திருந்தார். வேலையை விட்டுவிடட்டுமா என்று கேட்டார். விட்டால் புதுப்பேட்டை வாடகையை எதைக் கொண்டு கொடுப்பது என்று நான் கேட்கவில்லை, அது அவருக்கும் தெரியும். பழைய வீட்டிலும் வேறு ஆள் வந்தாயிற்று. தாரணி அவர் தோளில் ஏறி விளையாடிக்கொண்டிருந்தாள்.

இனி, போகிறவர்களுக்கு. பத்து மணிக்கு எழும்பூரில் இருக்க வேண்டுமென்றால் ஆறு மணிக்கே கூட்டு ரோட்டுக்கு வந்துவிடுங்கள். போக வர ஒரு ஆளுக்கு நூற்றுப் பத்து ரூபாய். படப்பை வழியாகத் தாம்பரத்துக்குப் பேருந்தும் உண்டு, ஆனால் சின்னப் பிள்ளையோடு நின்றுகொண்டு போக முடியாது. பைக்கில் ஒருமுறை போனோம். லாரிகளுக்கு நடுவே அப்படி மறுபடி போக மாட்டேன். காருக்கு ஒரு பக்கத்துக்கே ஆயிரத்து நானூறு கேட்கிறார்கள். மாத்திரை, ஒயர், பேட்டரி எதுவானாலும் இரண்டு செட் வாங்கி வையுங்கள். நகரத்துக்குள் ஒரு சின்ன வீடு இருந்து, அங்கே உங்களுக்கு முடிக்க வேண்டிய காரியமும் இருந்தால், காற்று வரவில்லை என்பதற்காக அதை விட்டுவிடாதீர்கள். நகரத்துக்குள் இருப்பதன் பலன் கடையும் சினிமாவும் இல்லை. காலையில் தவறியதைச் சாயங்காலம் செய்துகொள்ளலாம் என்பதுதான்.

நாங்கள் அதற்குப் பிறகு நான்கு வாரம் முயன்று பார்த்தோம். ஆறு மணிக்குக் கிளம்பினால் நேரத்துக்குப் போய்விடலாம். ஆனால் பிள்ளை நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறாள். போன திங்கட்கிழமை மிஸ்ஸுக்குப் போன் செய்து, தாரணியின் இடத்தைக் காத்திருக்கும் வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடச் சொன்னேன். வீட்டில் என்னென்ன செய்ய வேண்டும் என்று நிதானமாகச் சொன்னார். எழுதிக்கொண்டேன். வைப்பதற்கு முன், அந்தப் பிள்ளைக்கு வீடு எங்கே என்று கேட்டேன்.

"சிந்தாதிரிப்பேட்டைம்மா. நடந்தே வந்துடுவாங்க" என்றார்.