வாளியால் பாட்டுக் கேட்டவர்

சாட்டிக் கடற்கரையில் அன்று நின்றவர்கள் இவ்வளவுதான். சுருவில் ஊர் ரொக் இசைக்குழுப் பெடியள் நான்கு பேர். அவர்களுடைய ட்ரம்மையும் ஸ்பீக்கர்களையும் லான்ட்மாஸ்டர் உழவு மெசினில் ஏற்றி வந்த நான். ஐஸ்கிறீம் வான்காரர். பிறகு, மீன் விற்கும் ஒரு அக்கா.

சேலைக்கு மேல் ஆம்பிளைச் சேட்டுப் போட்டிருந்தார். மீன் வாளியைக் கவிழ்த்து, ஸ்பீக்கருக்கு நேரே அதன்மேல் குந்தியிருந்தார். இரண்டு காதிலும் பஞ்சு.

மூன்றாவது பாட்டோடு ஐஸ்கிறீம் வான் போய்விட்டது. கிற்றார் அடித்தவர் வயரைக் கழற்றினார்.

"காணும் மச்சான். இதோடை குழுவைக் கலைப்பம்."

அக்கா ஒரு காதுப் பஞ்சை எடுத்தார்.

"ஏன் தம்பி நிப்பாட்டினனீங்கள்? நான் வீட்டைப் பூட்டிப்போட்டெல்லோ வந்தனான்."

"ஒரு ஆள்தானே அக்கா இருக்கிறியள்."

"அப்ப நான் ஆளில்லையோ? பாட்டைப் படியுங்கோ!"

பெடியள் சிரித்துவிட்டார்கள். வயரைத் திரும்பவும் கொழுவினார்கள்.

நான் கிட்டப் போனேன். "பஞ்சை வைச்சுக்கொண்டு என்னத்தை அக்கா கேக்கிறியள்?"

"காதாலை கேட்டால் தலையிடி. வாளியாலை கேக்கிறன். நல்லா அதிருது."

அடுத்த முறை, தன்னிடம் மீன் வாங்கும் சனத்தையும் கூட்டி வந்தார். அந்தச் சனம் வேறு சனத்தைக் கூட்டி வந்தது. பெடியளின் பாட்டில் ஒரு வரியாவது அவருக்குத் தெரியுமோ என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

போன மாதம் நெடுந்தீவில் பாடினார்கள். பின்னால் வந்த ரசிகர்களுக்கு ஒரு படகு போதவில்லை.

நாலு படகு.