இனி சேரின் முறை

லண்டன் பிளேஸ்டோவில், பிள்ளைகளை வீட்டிலேயே படிப்பிக்கும் சில கத்தோலிக்கத் தமிழ்க் குடும்பங்கள் வெள்ளிக்கிழமைகளில் தேவாலய மண்டபத்தில் கூடும். அங்கே நான் கட்டுரை எழுதக் கற்பிக்கிறேன். வாரம் ஒரு நற்பண்பு. முதலில் கண்மூடி ஆன்ம சோதனை, பிறகு எழுத்து. எழுதச் சொல்பவரும் எழுதி வாசிக்க வேண்டும் என்பது அவர்கள் வழக்கம்.

அந்த வாரம் உண்மை. பாதிச் செபமாலையில் நித்திரையாகிவிட்டு, முழுவதும் சொன்னதாக அம்மாவிடம் பொய் சொன்னதைப் பதினொரு வயது அஞ்சலா வாசித்தாள்.

“எப்ப நடந்தது?” என்றார் பின்னாலிருந்த அவளுடைய தாய் மேரி அக்கா. என்னை வகுப்புக்கு ஆசிரியராக எடுத்தவர் அவர்தான்.

“நேற்றும்தான் அம்மா.”

எல்லோரும் சிரித்தார்கள். “இனி சேரின்ர முறை,” என்றாள் அஞ்சலா என்னைப் பார்த்து.

நான் ஏதோ சின்னப் பொய்யொன்றை எழுதி வைத்திருந்தேன். அவளுக்குப் பிறகு அதை வாசிக்க வாய் வரவில்லை. தாளை மடித்து, மேரி அக்காவைப் பார்த்தேன்.

“என்ர அப்பா வாத்தியார் எண்டு உங்களுக்குச் சொன்னனான். அது பொய். அவர் மன்னாரில மீன்பிடிக்கக் கடலுக்குப் போறவர். எழுத வாசிக்கத் தெரியாது. எங்கட வீட்டில படிச்சது நான் மட்டும்தான்.”

வகுப்பு கைவிட்டுப் போய்விட்டது என்றே நினைத்தேன்.

“பொய் பிழைதான் தம்பி. அடுத்த வெள்ளிக்கு அப்பாவைப் பற்றி எழுதிக்கொண்டு வாங்கோ,” என்றார் மேரி அக்கா.

எழுதினேன், வாசித்தேன். பிறகு பஸ் தரிப்பில் நின்று அப்பாவுக்குப் போன் எடுத்து, அவரைப் பற்றி எழுதி வாசித்ததைச் சொன்னேன்.

“அப்ப எனக்கும் வாசி,” என்றார்.

வாசித்து முடிக்கும்வரை இரண்டு பஸ்களை விட்டேன். இத்தனை வருடம் படித்தும், நான் எழுதியதை அவர் கேட்டது அன்றுதான். அதற்கு அஞ்சலாவுக்குத்தான் நன்றி சொல்ல வேண்டும்.